உன் மாமியார் மாமனார் கல்கத்தா வரும்போது

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். ஐந்து நாள், நாளுக்கு ஆறேழு இடம், வாடகைக் கார், காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்கு வீடு. அம்மாவிடம் காட்டினேன். "சம்பந்திகள் ஊர் பார்க்க வருகிறார்களா, ஓட்டு கேட்க வருகிறார்களா?" என்று கேட்டாள்.

போனில் சொல்லிவிடலாம் என்றால் நீ எப்போது பார்த்தாலும் மீட்டிங்கில் இருக்கிறாய். ஆற அமரப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வங்கி வேலையில் கல்கத்தாவில் குப்பை கொட்டியவன் என்ற உரிமை எனக்கு உண்டு. போன வருஷம் நாங்கள் உன் வீட்டில் வந்து தங்கியபோது கண்ணில் பட்டவையும் இருக்கின்றன.

முதலில் அந்தப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, வருகிறவர்கள் யார் என்று யோசி. உன் மாமனார் சரித்திர வாத்தியார். முட்டியில் வலி. கடலூர் முதுநகர்க்காரர், மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. உன் மாமியாரோ வடலூர் அன்பர். மாதப் பூசம் தவறாமல் ஞானசபைக்குப் போய் ஜோதி பார்த்து வருகிறவர். முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டார். ஆனால் கைத்தறிப் புடவையைக் கண்டால் உலகமே மறந்துவிடும். இந்த இரண்டு பேருக்கும் பிடிக்கிற கல்கத்தா எது என்று பார்த்தாலே உன் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

முதலில் உதிர வேண்டியது காளிகாட் கோயில். உன் வீட்டுக்குப் பக்கம், மெட்ரோவில் ஏறக்கூட வேண்டாம் என்று முதல் நாளே போட்டிருக்கிறாய். அங்கே இன்றைக்கும் ஆடு பலி கொடுக்கிறார்கள். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்று தினமும் ஓதுகிற அம்மாள் அவர். அந்தப் பலி மேடைப் பக்கம் அவரைக் கொண்டு நிறுத்திவிட்டால், மிச்ச நாளெல்லாம் அவர் மனசு வேறு எதிலும் ஒட்டாது. தரிசனம் செய்து வைக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் தொல்லை தனி. காளியைப் பார்க்காமல் கல்கத்தாவா என்று மாப்பிள்ளை கேட்பார். காளியை அவர்கள் தட்சிணேஸ்வரத்தில் பார்க்கட்டும்.

தட்சிணேஸ்வரத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கு. கார் வேண்டாம். காளிகாட் ஸ்டேஷனில் ஏறினால் வண்டி மாறாமல் மெட்ரோவிலேயே போய்விடலாம். இறங்கும் இடத்திலிருந்து கோயில் வரை ஆகாய நடைபாதை இருக்கிறது, மாமாவின் முட்டிக்கு வசதி. 1984-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக மெட்ரோ ஓடியது இந்த ஊரில்தான் என்பதை அவரிடம் ரயிலுக்குள் வைத்தே சொல், வாத்தியார் அந்த மாதிரி விஷயத்துக்கு உருகுவார்.

கோயிலில் கர்ப்பக்கிரகத்து வரிசை முடிந்ததும் அவசரப்பட்டு வெளியே அழைத்து வந்துவிடாதே. ஆற்றங்கரை ஓரமாக வரிசையாகப் பன்னிரண்டு சிவன் கோயில்கள் இருக்கின்றன. முற்றத்தின் வடமேற்கு மூலையில் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை. கட்டில், சில படங்கள், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. உன் மாமியாரை அந்த அறையில் உட்காரவிடு. நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம் என்று நினைக்காதே, கோயிலுக்குள் போனே கூடாது, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டது 1874-ல். அதே காலத்தில் ராமகிருஷ்ணர் இங்கே இந்த அறையில் இருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் அந்த அம்மாளுக்கு அது போதும். இன்னொன்றும் சொல்: 1855-ல் இந்தக் கோயிலைக் கட்டிய ராணி ராஸ்மணி மேல்சாதிக்காரி இல்லை என்பதால் பூசை செய்ய அந்தணர்கள் தயங்கினார்கள். சாதி சமயச் சழக்கை விட்டேன் என்று பாடுகிறவருக்கு இந்தக் கதை உள்ளே போய்த் தைக்கும்.

அங்கிருந்து படகில், விவேகானந்தர் நிறுவிய பேலூர் மடம். படித்துறையில் இறங்கும்போது மாமாவை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு இடத்திலும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பினால்தான் ஆகும். சிகாகோ போவதற்கு விவேகானந்தருக்கு வீடு வீடாகப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் அளசிங்கப் பெருமாள் முதலான சென்னைக்காரர்கள் என்று மாமா உங்களுக்கு வகுப்பெடுப்பார். கேட்டுக்கொள்.

மாமாவுக்கு மியூசியம். சௌரங்கியில் இருக்கிற இந்திய அருங்காட்சியகம் 1814-ல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது. எல்லாரும் எகிப்து மம்மியைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் நேராக பார்ஹுத் கூடத்துக்குப் போங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் பழைய ஸ்தூபியின் கல் வேலியில் மிஞ்சியதைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜாதகக் கதைகள், அதிலேயே பிராமி எழுத்தில் குறிப்புகள். அன்று சாயங்காலம் பிரின்செப் காட் போனால் கதை முழுசாகும். 1837-ல் அசோகரின் பிராமியைப் படித்துச் சொன்ன ஜேம்ஸ் பிரின்செப்பின் பேரில் கட்டிய மண்டபம் அது. இப்போது சின்னஞ்சிறுசுகள் கைகோத்துக்கொண்டு நடக்கிற இடமாகிவிட்டது. மாமா கண்டுகொள்ள மாட்டார். நீயும் மாப்பிள்ளையும் கூடக் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், பெரியவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

விக்டோரியா மெமோரியலுக்கு நீ அரை நாள் போட்டிருக்கிறாய். எனக்கு அவ்வளவு வேண்டாம் என்று படுகிறது. தாஜ்மகாலுக்கு வந்த அதே மக்ரானா சலவைக்கல், பார்க்க அழகுதான். 1906-ல் அடிக்கல் நாட்டி 1921-ல் திறந்தார்கள். நடுவில் 1911-லேயே தலைநகரை டெல்லிக்கு மாற்ற முடிவாகிவிட்டது. ராஜ்ஜியம் வேறு ஊருக்குக் கிளம்பிய பிறகு முடிந்த மாளிகை. தோட்டத்தில் மாலை வெயிலில் ஒரு சுற்று, நாலு போட்டோ, போதும்.

திங்கட்கிழமை மியூசியமும் விக்டோரியா உள்கூடங்களும் மூடியிருக்கும். உன் பட்டியலில் இரண்டும் திங்கட்கிழமைதான் இருக்கின்றன! அந்த நாளைச் சந்திரநாகூருக்குக் கொடு, நம்ம ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது. நீ இத்தனை காலம் அங்கே இருந்தும் போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், புதுச்சேரியில் பிறந்த பெண் நீ. ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். ஆபீஸ் கூட்டம் கலைந்த பிறகு ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். நம்ம கடற்கரைச் சாலைத் தெற்கு முனையில் சிலையாக நிற்கிறாரே டூப்ளே, அவர் 1742-ல் இங்கே கவர்னராக வருமுன் ஏறக்குறைய பத்து வருஷம் அங்கேதான் நிர்வாகம் பார்த்தார். ஆற்றங்கரையில் நம்ம பீச் ரோடு மாதிரியே ஒரு நடைபாதை, பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கால மாளிகையில் ஒரு மியூசியம், கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய தேவாலயம். அரவிந்தர் 1910-ல் வெள்ளைக்காரப் போலீசுக்குத் தப்பி முதலில் போனது அங்கே, அதற்கப்புறம்தான் ஏப்ரலில் கப்பலேறி நம்ம ஊர் வந்தார். நமக்கு 1954-ல் கிடைத்த விடுதலை அவர்களுக்கு 1950-லேயே கிடைத்துவிட்டது, 1949-ல் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். கடலூர்க்காரர் என்பதால் மாமா புனித டேவிட் கோட்டையை இழுத்துக்கொண்டு வந்து இங்கிலீஷ்காரன் பக்கம் பேசுவார். நீ விட்டுக்கொடுக்காதே.

அங்கே சூர்ய மோதக் கடையில் ஜல்பரா சந்தேஷ் வாங்கிக் கொடு. கடித்தால் உள்ளேயிருந்து பாகு வழியும். புடவை பத்திரம் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

இனி புடவை. அம்மா இந்தப் பகுதியைத் தானே சொல்லி எழுத வைக்கிறாள். போன வருஷம் ஒரு கடையில் கையால் நெய்த டாக்காய் ஜாம்தானி என்று சத்தியம் பண்ணி விசைத்தறிச் சரக்கை அவள் தலையில் கட்டினார்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முந்தானையைத் திருப்பி உள்பக்கம் பார்க்கச் சொல்கிறாள். கைத்தறி ஜாம்தானியில் பூ வேலையை நெசவோடு நெசவாகக் கோத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கம் நூல் வெட்டி வெட்டிப் பிசிறாக நின்றால் அது மெஷின். கரியாஹாட் நடைபாதையில் பேரம் பேசலாம், நம்ம ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பழக்கம் கைகொடுக்கும். ஆனால் விலை கூடின புடவையை அங்கே வாங்க வேண்டாம். பக்கத்திலேயே டாக்குரியாவில் தட்சிணாபண் இருக்கிறது. பல மாநில அரசுகளின் கைவினைக் கடைகள் ஒரே வளாகத்தில், வைத்த விலைதான், யாரும் பின்னால் துரத்தமாட்டார்கள். அரசாங்கத்தின் தந்துஜா கடையிலும் கைத்தறியை நம்பி வாங்கலாம்.

அத்தைக்கு எது பிடிக்கும் என்றால் சாந்திப்பூர், தனியாகாலி தாந்து. மெல்லிசான பருத்தி, நம்ம கடலூர் வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது. புதிதாக இருக்கும்போது அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், கஞ்சி போன பிறகு உடம்போடு ஒட்டும். பாலுச்சரியில் முந்தானை முழுக்க ராமாயண, மகாபாரத உருவங்கள் நெய்திருக்கும். விஷ்ணுபூர்ப் பட்டு, விலையும் பட்டு விலை. அதை நீ உன் பணத்தில் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நிற்காதே. அவருக்குச் சங்கடமாகிவிடும். கடையில் அவரை விட்டுவிட்டு, மாமாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்து ஒரு மண்குவளை டீ வாங்கிக் கொடு. புடவை எடுக்கும்போது ஆண்கள் கூட இருந்தால் அவசரம் தொற்றிக்கொள்ளும். இது அம்மா சொல்வது, எனக்கு இதில் கருத்து இல்லை.

நியூ மார்க்கெட் ஒரு மணி நேரம் போதும். 1874-லிருந்து இருக்கிற சந்தை, உள்ளே நஹூம் கடையில் டிசம்பரில் பிளம் கேக்குக்கு வரிசை நிற்கும். யூதக் குடும்பம் 1902-ல் தொடங்கிய பேக்கரி. கேக்கில் முட்டை உண்டு, அத்தை கையில் கொடுத்துவிடாதே. பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் விளக்குகளை 24, 25 தேதிகளுக்கு முன்னாலேயே காட்டிவிடு. அந்த இரண்டு நாளும் அங்கே கால் வைக்க முடியாது.

சாப்பாட்டு விஷயம் பெரிது. பாதிச் சண்டை அதில்தான் வரும்.

கடல் மீன் தின்று வளர்ந்த மனிதருக்கு ஆற்று மீனைக் கொடுத்தால் முதல் வாயிலேயே "சேறு வாடை" என்பார். ரோகு, கட்லா என்று ஆரம்பிக்காதே. இலிஷ் என்று அவர்கள் கொண்டாடுவது நம்ம உள்ளம் மீன். அதன் காலம் மழைக்காலம், டிசம்பரில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்பெட்டிச் சரக்கு. முள்ளும் ஏராளம், வாத்தியார் பேச்சுப் பராக்கில் தின்கிறவர். பேட்கி வாங்கிக் கொடு. அது வேறு ஒன்றுமில்லை, நம்ம கொடுவாதான். கடுகு அரைத்துத் தடவி வாழையிலையில் சுற்றி வேகவைத்த பாத்துரி ஒரு நாள், தேங்காய்ப்பாலில் செய்த இறால் மலாய்க் கறி ஒரு நாள். இரண்டும் அவர் வாய்க்கு அந்நியமாகத் தெரியாது. ஒரு ராத்திரி மாப்பிள்ளை அவரை மட்டும் பிரியாணிக்கு அழைத்துப் போகட்டும். உள்ளே ஒரு முழு உருளைக்கிழங்கு வரும். 1856-ல் லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் ராஜ்ஜியத்தை இழந்து கல்கத்தா மட்டியாபுருஜில் வந்து குடியேறிய நவாப் வாஜித் அலி ஷாவின் சமையல்காரர்கள் கொண்டுவந்த வழக்கம் என்பார்கள். கறி வாங்கக் காசில்லாமல் கிழங்கு போட்டார்கள் என்று ஒரு கட்சி, அன்றைக்குக் கிழங்கே அபூர்வப் பண்டம் என்று இன்னொரு கட்சி. மாமா எந்தக் கட்சி என்று எனக்குச் சொல்.

அத்தை பாடு கஷ்டம் என்று நீ பயப்படுகிறாய். அவ்வளவு இல்லை. ஹோட்டலில் 'வெஜ்' என்று மட்டும் சொல்லாமல் 'நிராமிஷ்' என்று சொல். வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் வரும். ஆனால் பருப்பிலும் முட்டைக்கோஸ் பொரியலிலும் மீன் தலையைப் போட்டுச் சமைக்கிற பழக்கம் உண்டு, அதைக் கேட்காமல் தட்டில் போட விடாதே. லூச்சி என்கிற மைதா பூரியும், தேங்காய்ச் சில்லு போட்ட கடலைப்பருப்பும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தோகார் டால்னா என்று ஒன்று இருக்கிறது. பருப்பை அரைத்து வேகவைத்துத் துண்டு போட்டுக் குழம்பில் விடுவார்கள். நம்ம பருப்பு உருண்டைக் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். வாழைப்பூக் கறியும் கிடைக்கும். கடுகெண்ணெய் வாடைதான் முதல் நாள் குமட்டும், அதனால் வீட்டில் நல்லெண்ணெய் வாங்கி வை. மூன்றாம் நாள் இட்லி ஏக்கம் வந்துவிடும். லேக் மார்க்கெட் பக்கம் பனானா லீஃபுக்கோ ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோமுக்கோ அழைத்துப் போய்விடு. அந்தத் தெருக்களில் நம்ம காபிப்பொடி, வாழையிலை, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும், அங்கே தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தாலே அவருக்குப் பாதித் தெம்பு வந்துவிடும்.

காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸுக்கு ஒரு மாடி ஏற வேண்டும். மாமா புத்தகக் கடைகளைப் பார்த்த உற்சாகத்தில் ஏறிவிடுவார். காபி நன்றாக இருக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடு. அங்கே போவது காபிக்காக இல்லை. பக்கத்து மேஜையில் நாலு கிழவர்கள் அரசியல் பேசிக் கத்துவதைக் கேட்கத்தான். பக்கத்திலேயே ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு, நேரமிருந்தால் பார்க்கலாம்.

இனிப்பில் மாமாவுக்கு சர்க்கரை இருக்கிறது, நினைவிருக்கட்டும். ஆனாலும் குளிர்காலத்தில் போய் நோலன் குட் சந்தேஷைத் தொடாமல் திரும்பச் சொல்வது பாவம். ஈச்ச மரத்துச் சாறில் காய்ச்சிய புது வெல்லம், குளிர் மாதங்களில் மட்டும் வருவது. பவானிப்பூர் பலராம் மல்லிக்கில் ஒன்று வாங்கி இரண்டு பேருக்கும் பாதி பாதி. ஊருக்குக் கொண்டுவர டப்பாவில் அடைத்த ரசகுல்லா போதும். கே.சி. தாஸ் வாங்கு, ரசகுல்லாவுக்குப் பேர்போன நவீன் சந்திர தாஸின் பிள்ளை பேரில் இருக்கிற கடை. சந்தேஷ் ரயிலில் தாங்காது. எங்களுக்கு அச்சுவெல்லம் இரண்டு கொடுத்தனுப்பு.

அவர்கள் நம்ம ஊரிலிருந்து ஹவுராவுக்குப் போகும் வாராந்தர ரயிலில் வருகிறார்கள். முதல் நாள் இங்கே தங்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒன்றரை நாள் உட்கார்ந்து வருகிறவர்களை வந்த அன்றைக்கே எங்கும் இழுத்துக்கொண்டு அலையாதே. ஸ்டேஷனிலிருந்து டாக்சி ஹவுரா பாலத்தில் ஏறும்போது, 26,500 டன் எஃகு, ஒரு நட்டு போல்ட்டு கிடையாது, எல்லாம் தறையாணிதான், 1943-ல் திறந்தது என்று மட்டும் சொல். ஒரு நாள் காலையில் பாலத்தின் மேலிருந்து பூச்சந்தையைக் காட்டு. கீழே இறங்க வேண்டாம், சேறும் சகதியும். மாமா வழுக்கி விழுந்தால் உன் பட்டியல் மொத்தமும் ஆஸ்பத்திரியில் முடியும். திரும்பும்போது ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் ஏற்று. 2024-ல் திறந்தது. ஆறு தலைக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்ததும் அத்தை அருட்பெருஞ்ஜோதி சொல்ல ஆரம்பித்துவிடுவார். முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

ஐந்து நாளில் ஒரு நாளை ஒன்றுமில்லாமல் விடு. உன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு பேசத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள். டிசம்பர் காலைக் குளிர் கடலூர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை, கம்பளி இரண்டு எடுத்து வை. இங்கிருந்து சால்வை கொடுத்தனுப்புகிறோம்.

அந்த வெறும் நாளில் மாமா கரியாஹாட் மீன் கடையில் கொடுவா வாங்கித் தானே குழம்பு வைக்கிறேன் என்பார். என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார், நீ தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. அதற்காக அம்மா வடகம் உருட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள், அவர்கள் பையிலேயே வரும். அத்தைக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி எடுத்து வை. டிக்கெட் உறுதியானதும் பெட்டி எண்ணை எனக்கு அனுப்பு, கீழ் பெர்த் இரண்டும் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா